இறங்கிய பிறகுதான் கைதட்டல்

ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இணைந்திருக்கும்போது கைதட்ட முடியாது. ஒரு கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கும், மற்றது சுத்தமானதைத் திரும்ப உள்ளே விடும். அந்தக் கையைக் கொஞ்சம் அசைத்தாலும் இயந்திரம் கூச்சல் போடும், தாதி ஓடி வருவார். மிஞ்சுவது ஒரே ஒரு கை. அதை வைத்துக்கொண்டும் கைதட்டலாம் என்று எனக்குக் காட்டியவர் பக்கத்து நாற்காலி அக்கா. அவருக்கு ஊசி இடது கையில், எனக்கு வலது கையில். அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும் சும்மா கிடந்தன. எட்டி நீட்டினால் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அவை சந்திக்கும். எங்கோ அமெரிக்காவில் மேலே போன ராக்கெட் பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கிவிட்டால், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு தட்டு தட்டுவோம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. "பேரெல்லாம் எதுக்கு லா, அக்கான்னா போதாதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ ஆபீஸில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறதாம்.

எங்கள் மையம் மலேசியாவில், கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது. கீழே மாமாக் உணவகம், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் கடை. காலையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தமும் மணமும் படியேறி வரும். மேலே நாங்கள், தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியவர்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருப்போம். திங்கள், புதன், வெள்ளி காலை ஷிப்ட். நான் அங்கே புதிதாகச் சேர்ந்தபோது அழுது முகம் வீங்கிப்போயிருந்தேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற ஆத்திரம். பக்கத்து நாற்காலியில் இருந்த இந்த அம்மாள் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "தங்கச்சி, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமா? இவன் என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லேன். வேகமாப் பேசறான்." போனில் ஒரு ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. வெள்ளையாகப் புகை விட்டுக்கொண்டு, எப்போது கிளம்பும் என்று தெரியாமல், எங்களைப் போலவே குழாய்களோடு இணைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் சிரித்த முதல் நாள் அதுதான்.

அவர் ராக்கெட் படித்தவர் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். சரக்கை இறக்கிய பிறகு காலிக் கொள்கலன்கள் உரிய நேரத்தில் திரும்பி வந்தாக வேண்டும். அவற்றை வரவழைப்பதுதான் அவருடைய வேலை. காலையிலிருந்து மாலைவரை போன் அடித்துக்கொண்டே இருப்பாராம். "பெட்டி எங்க? லோரி கிளம்பிருச்சா? கிளம்பிருச்சுன்னா ஏன் இன்னும் வரல? வழியில சுத்திப்பாக்கப் போயிருச்சா?" லோரிக்காரர்களுக்கு அவர் குரல் என்றாலே நடுக்கம் என்று பெருமையாகச் சொல்வார். அதை அவர் சொல்லும்போது எதிர்வரிசையில் இருக்கும் அங்கிள், முன்னாள் லோரிக்காரர், "ஆமா, ஆமா" என்று கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுவார்.

ராக்கெட் ஆசை வந்த கதையை அவர் ஒருமுறைதான் சொன்னார். சுத்திகரிப்புக்கு வந்த புதிதில், மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில், சத்தம் இல்லாமல் செய்தி ஓடிக்கொண்டிருந்ததாம். இரண்டு ராக்கெட்டுகள் வானத்திலிருந்து ஜோடியாக இறங்கி, கால் விரித்து, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வேலையை முடித்துக்கொண்டு வந்த காலி ராக்கெட்டுகள். "பாத்தியா தங்கச்சி, காலிப் பெட்டி தானா வந்து நிக்குது. யாரும் போன் அடிக்கல!" என்று சொல்லி, அன்றைக்குப் பட்ட ஆச்சரியம் அப்படியே முகத்தில் வர என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் எந்தப் பறப்பையும் விடவில்லை.

எங்கள் நாட்களில் அவர் பின்தொடர்ந்தது அந்தப் பெரிய எஃகு ராக்கெட்டை. அங்கே மாலை என்றால் இங்கே காலை. பல சோதனைப் பறப்புகள் எங்கள் ஷிப்ட் நேரத்திலேயே வந்தன. அதற்கு இரண்டு பாகம். கீழ்ப்பாகம் மேல்பாகத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பி வரும். கிளம்பிய இடத்திலேயே ஒரு கோபுரம் இரண்டு இரும்புக் கைகளை நீட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். மேல்பாகம் பாதி உலகத்தைச் சுற்றி வந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கும். "நம்ம பக்கத்துக் கடல்" என்பார் அக்கா, ஏதோ பக்கத்து மோரிப் கடற்கரையிலேயே வந்து இறங்குவது போல.

வேடிக்கை என்னவென்றால், அவர் புறப்பாட்டைப் பார்க்கவே மாட்டார். எண்ணத் தொடங்கியதும் போனைக் கம்பளிமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற காட்சி அது. எனக்கோ எரிச்சலாக வரும்.

"ஏன்கா, அதுதானே நல்லா இருக்கும்?"

"ஏறுறத ஊரே பாக்கும் லா. நான் பாக்கலன்னா ஏறாமப் போயிருமா?"

கொஞ்ச நேரம் கழித்து, "கீழ்ப்பாதி கழண்டுருச்சா?" என்று கேட்பார். ஆமாம் என்றதும்தான் போனைத் திருப்புவார். அப்புறம் கண் சிமிட்ட மாட்டார். கோபுரத்தின் கைகள் அதைப் பிடித்த ஒரு காலையில் அவர் துள்ளியதில் இயந்திரம் அலறிவிட்டது. மலாய்க்காரத் தாதி ஓடி வந்து, "தாங்ஙான் ஜாங்ஙான் கெராக் லா, காக்!" என்று அவர் கையைப் பிடித்து அமுக்கினார். கையை ஆட்டாதீர்கள் என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது என்ற அலுப்பு அந்தக் குரலில். அக்கா ஊசிக் கையை அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற கையை என் பக்கம் நீட்டினார். என்ன வேண்டும் என்று புரியாமல் முழித்தேன். "தட்டு" என்றார். எங்கள் கைதட்டல் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

வெடித்தால் அவர் பெரிதாக வருந்த மாட்டார். மேல்பாகம் நடுவானில் சிதறி, துண்டுகள் தீப்பொறியாகத் தீவுகளுக்கு மேலே ஓடியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். "உங்க ராக்கெட் பட்டாசு மாதிரி வெடிச்சிருச்சு போல?" என்று லோரிக்கார அங்கிள் சீண்டினார்.

"பட்டாசு வெடிச்சா ஏன் வெடிச்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள். இவங்க கேப்பாங்க. கேட்டுட்டு அடுத்தது விடுவாங்க."

"அடுத்தது" என்பது அவருடைய வார்த்தை. ஊசி சரியாக இறங்காமல் கை கன்றிப்போனாலும், சிகிச்சை முடியும் நேரத்தில் காலில் தசை பிடித்து உயிர் போனாலும், பல்லைக் கடித்துக்கொண்டு "சரி, அடுத்தது" என்பார்.

திரும்பி வருவதுதான் அவருக்கு எல்லாம். சிகிச்சை முடிந்து அவரவர் வழியில் போனபின், போனில் "சேர்ந்தாச்சா?" என்று ஒரு செய்தி வரும். நான் பதில் போடாவிட்டால் போன் அடிப்பார். எடுக்காவிட்டால் மறுபடியும் அடிப்பார். துறைமுகப் பழக்கம். வீடு சேர்ந்ததும் அவரும் "சேர்ந்தாச்சு" என்று அனுப்பிவிடுவார். தீபாவளிக்கு நான் கொடுத்த நெய்யுருண்டை டப்பா அடுத்த சிகிச்சை நாளிலேயே முறுக்கோடு திரும்பி வந்தது. என் வீட்டு டப்பா ஒன்றுகூட அவரிடம் தங்கியதில்லை. அவருடைய டப்பாக்கள்தான் என்னிடம் இரண்டு கிடக்கின்றன.

ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தம் வடிகட்டுவது ஓர் உருளை வழியாக. எங்கள் மையத்தில் அதை ஒரே முறையோடு எறிவதில்லை. சிகிச்சை முடிந்ததும் கழுவி, மருந்து நிரப்பி, அவரவர் பெயர் ஒட்டி, உள் அறைத் தட்டில் அடுக்கி வைப்பார்கள். அடுத்த முறை அதே ஆளுக்கு அதே ஃபில்டர். இணைப்பதற்கு முன் நம்மிடம் காட்டி, "உங்க பேர்தானே?" என்று உறுதி செய்துகொள்வார்கள். ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது. உழைத்துத் தேய்ந்தால் புதியது தருவார்கள். எல்லோருக்கும் புதியது என்றால் மகிழ்ச்சி. அக்காவுக்குப் புது ஃபில்டர் நாள் என்றால் முகம் சுருங்கிவிடும். முதல் தடவை ரத்தம் அதில் பாயும்போது அவருக்கு முதுகு வலிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும்.

"புதுசுக்கு என்ன தெரியும் தங்கச்சி? ஒரு தடவ போயிட்டு வரட்டும். அப்புறம் அது என்னைப் பழகிக்கும்."

இதே அன்போடுதான் கரிபிடித்துத் திரும்பிய ராக்கெட்டையும் பார்ப்பார். புதிதாகப் பளபளவென்று நிற்பதைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார்.

அவருக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கனவே கிடைத்திருந்தது. அம்பாங்கில் இருக்கும் தம்பி கொடுத்தது. சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்தது, பிறகு மெல்ல மெல்ல நின்றுபோனது. தம்பி நலமாகத்தான் இருந்தார். மையத்துக்கே வந்து பார்த்திருக்கிறேன். குண்டாக, கலகலவென்று பேசுகிற மனிதர். அவர் வந்தால் அக்கா பேச்சைக் குறைத்துக்கொள்வார். போனதும், "அவன்கிட்ட வாங்கினத நான் காப்பாத்தல" என்பார். "திருப்பியும் குடுக்க முடியாது." டப்பாவைக்கூட அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கிற மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். கணவர் முன்பே இறந்துவிட்டார். மகள் ஷா ஆலமில் வேலை பார்த்தாள். ஒருநாள் சிகிச்சை முடிந்து நான் கீழே இறங்கியபோது மாமாக் கடையில் எனக்காகக் காத்திருந்தாள். அம்மா மேலே ஊசி எடுத்த கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, ஒரு ஹெல்ப். நான் அம்மாவுக்கு கிட்னி குடுக்கறேன்னு சொல்லிட்டேன். டெஸ்ட்லாம் எடுத்தாச்சு, மேட்ச் ஆவுது. அம்மா டாக்டரப் பாக்கவே வர மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"ஏன்னு சொன்னாத்தானே? கேட்டா, 'சமையலப் பாரு'ங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க ஆன்டி. வீட்டுல எப்பப் பாரு உங்க பேச்சுதான்."

கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணீர் அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. நான் சரி என்றேன். எனக்கு அப்படிக் கொடுக்க யாரும் இல்லை. கிடைக்கிறதை வேண்டாம் என்கிறாரே என்று அக்காமீது உண்மையிலேயே கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருமுறை பறந்து திரும்பிய கீழ்ப்பாகத்தையே மறுபடியும் பறக்கவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அந்தப் பெரிய ராக்கெட்டில் அப்படிச் செய்வது அதுவே முதல் தடவை. அக்கா குதூகலமாக இருந்தார். தாதிகளுக்கு உளுந்து வடை சுட்டுக் கொண்டுவந்தார். சந்தர்ப்பம் இதுதான் என்று பறப்பு நாள் காலையில் நான் பேச்சை எடுத்தேன்.

"போயிட்டு வந்ததே மறுபடியும் போவுது. நீங்க மட்டும் ஏன்கா ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க? பிள்ளை அவ்வளவு கெஞ்சறா."

அவர் திரும்பிப் பார்த்தார். மகள் என்னிடம் வந்து பேசியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கோபிக்கவில்லை. "இது வந்து சேரட்டும், பாப்போம்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அது கோபுரத்துக்கு வராது, கடலில் மெல்ல இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா வழக்கம்போல் போனைக் கவிழ்த்து வைத்தார். ராக்கெட் அழகாக ஏறியது. போனைத் திருப்பினார். பழைய கீழ்ப்பாகம் தலைகீழாகத் திரும்பி இறங்கி வந்தது. நான் கையை நீட்டத் தயாராக வைத்திருந்தேன். கடைசியில், வேகத்தைக் குறைக்க எஞ்சின்கள் பற்றிக்கொண்ட நேரத்தில், அது சிதறிப்போனது. திரையில் எண்கள் அப்படியே நின்றன.

நானே சொன்னேன், அவருடைய வார்த்தையையே.

"சரிக்கா. அடுத்தது."

அவர் போனை அணைத்து மடியில் வைத்தார்.

"அதுல ஆள் இல்ல தங்கச்சி."

சும்மா கிடந்த கையால் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆள் இல்லாதத எத்தன தடவ வேணாலும் விடலாம். வெடிச்சா ஏன்னு கேக்கலாம். எம்பொண்ண உள்ள அனுப்பிட்டு, ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் யாருக்கிட்ட போய் ஏன்னு கேப்பேன்? தம்பிய அனுப்பினேன். அவன் திரும்பி வந்தான். அன்னிக்கி எனக்கு மயக்கம் தெளிஞ்சப்புறம், அவன் கண்ணத் தொறந்துட்டான்னு சொல்ற வரைக்கும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அப்படி வாங்கினதையும் காப்பாத்தல. இன்னொரு தடவ என்னால முடியாது லா."

"அதெல்லாம் இப்ப பயமில்லக்கா. டாக்டர் சொல்றாங்கள்ல."

"தெரியும். நூத்துல ஒண்ணுகூட ஆவாதுன்னுதான் சொல்றாங்க. எனக்கு இருக்கறதே ஒண்ணு."

ஒரு ராக்கெட்டைப் பார்த்து முடிவெடுத்த பைத்தியக்காரி என்று யாரும் அவரை நினைத்துவிட வேண்டாம். முடிவு அவரிடம் எப்போதோ இருந்தது. மேலே போவதைப் பார்க்க மாட்டேன் என்று போனைக் கவிழ்த்தாரே, அது அலட்சியம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி உள்ளே போனபின் அறுவை அறைக் கதவு மூடுவதை ஒருமுறை பார்த்தவர் அவர். மகளிடம் நான் முயன்றேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "பரவால்ல ஆன்டி, திரும்பக் கேப்பேன்" என்றாள். அம்மாவின் மகள்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா மறுத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அடுத்த பறப்புக்குக் காத்திருந்தோம். அது நாள் குறிப்பதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. "வரட்டும், அவசரமில்ல" என்றார்.

எங்களைப் போன்றவர்களுக்குச் சனி, ஞாயிறுதான் கெட்ட நாட்கள். இயந்திரம் இல்லாத இடைவெளி நீளம். ரத்தத்தில் சேரக்கூடாதது சேர்ந்துகொண்டே போகும். வெள்ளிக்கிழமை மதியம் "சேர்ந்தாச்சு" என்று அவர் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

திங்கள் காலை எங்கள் மையத்துக்குச் செய்தி வந்து சேரும் முன்பே நான் என் நாற்காலிக்கு வந்துவிட்டேன். பக்கத்து இயந்திரத்தில் எல்லாம் தயாராக இருந்தது. அவருடைய ஃபில்டரை உள் அறையிலிருந்து எடுத்து வந்து, கழுவி, மாட்டி வைத்திருந்தார்கள். பெயர் என் பக்கம் பார்த்திருந்தது. நன்றாகப் பழகிய ஃபில்டர். அதற்கு முந்தைய வாரம்தான், "இது தங்கமான ஃபில்டர் லா, ஒரு தொந்தரவு இல்ல" என்று தட்டிக் கொடுத்தார். மணி ஆகியும் அவர் வரவில்லை. நான் "எங்க இருக்கீங்க?" என்று செய்தி அனுப்பினேன். பிறகு போன் அடித்தேன். எடுக்காததால் மறுபடியும் அடித்தேன். மகள் எடுத்துச் சொன்னாள்.

தாதி வந்து அந்த ஃபில்டரைக் கழற்றினார். வேறு யாருக்கும் ஆகாது அல்லவா, அதற்கென்று இருக்கும் மஞ்சள் பையில் போட்டார். போடும் முன் ஒரு கணம் பெயரைப் படித்தார். அவருடைய வாய் அசைந்தது. நான் அக்காமீது கோபப்பட்டேன். அழுகையைவிட முதலில் வந்தது கோபம்தான். கொடுக்கிறேன் என்று ஒருத்தி வாசலில் நின்றாளே, வாங்கியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பறப்பு அதற்கு அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. பக்கத்து நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. எண்ணத் தொடங்கியதும் நான் போனைக் கம்பளிமேல் கவிழ்த்து வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகச் செய்தது. கீழ்ப்பாகம் சொன்னபடி கடலில் இறங்கியது. மேல்பாகம் எங்கள் பக்கத்துக் கடலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். அம்மாவின் கம்பளியும் காலுறையும் மையத்தில் அவருக்கென்று இருந்த பெட்டியில் இருந்தன, அவற்றை எடுத்துப் போக வந்தாள். தாதி அவளை என் பக்கத்தில் நிற்கவிட்டார்.

கம்பளியை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு அவள் என் போனைப் பார்த்தாள்.

"இதத்தான் பாப்பாங்களா ஆன்டி?"

"ஆமாம்மா. எறங்கறத மட்டும்."

மேல்பாகம் உடம்பெல்லாம் கருகி, துருவேறிய நிறத்தில், ஒரு பக்கம் கிழிந்து வந்தது. படுத்தவாக்கில் விழுந்துகொண்டிருந்தது, கடைசி நேரத்தில் எழுந்து நின்றது. நெருப்பைக் கீழே ஊன்றி, நேராக, மெதுவாகக் கடலைத் தொட்டது. பிறகுதான் சாய்ந்து எரிந்தது. அதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

"உங்க அம்மா உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாங்க" என்றேன். "எனக்கு இருக்கறதே ஒண்ணுன்னாங்க."

ஆரோக்கியமான, இருபத்தைந்து வயதுப் பெண், முழுசாக என் பக்கத்தில் நின்றாள். அக்கா எதைக் காப்பாற்றினார் என்று அப்போது நேராகப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

என் இடது கை காலி நாற்காலியின் பக்கம் நீண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உள்ளங்கை விரிந்து, தட்டுவதற்குத் தயாராக, அப்படியே நின்றது. மகளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நான் ஆதரவுக்குக் கை நீட்டுகிறேன் என்று நினைத்து, கம்பளியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. தட்டத்தான் நீட்டினேன் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "சேர்ந்தாச்சா?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.